பேரலுக்குள் நின்ற குண்டு

எங்கள் மாவட்டத்துக் காவல் நிலையங்களில் மிச்சமிருந்த ரிவால்வர்களையும் திரும்ப வாங்கிக்கொண்டார்களாம். இனி எல்லோருக்கும் பிஸ்டல்தான். போன மாதம் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பார்த்த பழைய சகா ஒருவர் இதைச் சொன்னார். ஓய்வுபெற்ற காவலர்கள் சேர்ந்து போடும் மலருக்கு நான் ஏதாவது எழுத வேண்டும் என்றும் பிடித்துக்கொண்டார். "பேரலுக்குள்ள குண்டு நின்னுட்டா என்ன செய்வீகன்னு நாலு வரி எழுதுங்க. நம்ம ஆளுகள்ல பாதிப் பேருக்கு அது தெரியாது" என்றார்.

நாலு வரியில் எழுதிவிடலாம்தான். குழாய்க்குள் நின்ற குண்டை இன்னொரு தோட்டாவைச் சுட்டுத் தள்ளப் பார்க்கக் கூடாது. வாய்ப்பக்கமாகக் கண்ணை வைத்துப் பார்க்கக் கூடாது. உள்ளே இருக்கிற மற்றத் தோட்டாக்களை எடுக்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது. இரும்புக் கம்பியால் குத்தக் கூடாது. இந்த நான்கையும் செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நான்காவதைச் செய்தவன் நானேதான்.

நான் ஆர்மரராக இருந்தேன். துப்பாக்கிகளைப் பழுது பார்த்துப் பராமரிக்கிற காவலரை அப்படிச் சொல்வார்கள். என் அப்பா அருப்புக்கோட்டையில் பவர்லூம் தறிகளைப் பழுது பார்த்தவர். அதனால் காவலராகச் சேர்ந்த இரண்டாம் வருடமே, "இவனுக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும்" என்று என்னை அந்தப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்கள். பல மாதப் பயிற்சி. திரும்பி வந்தபோது எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆயுதக் கிடங்குக்கு அப்போது ஞானமுத்து என்ற சப்-இன்ஸ்பெக்டர் பொறுப்பு. குள்ளமான மனிதர். பல வருடம் சுடு மைதானத்தில் நின்றதில் இடது காது அறவே கேட்காது. அவரிடம் பேச வேண்டுமானால் வலது பக்கம் போய் நிற்க வேண்டும். மறந்து இடது பக்கம் நின்று பேசினால் திட்ட மாட்டார், திரும்பவும் மாட்டார். எந்தத் துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்னாலும் உட்கார்ந்துவிடுவார். ரிவால்வரில் தோட்டா போடுகிற உருளையின் ஒவ்வொரு அறையாகக் காட்டி "ஒண்ணு, காலி. ரெண்டு, காலி" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனதுக்குள் எண்ணினால் எண்ணியதாகக் கணக்கில்லை. "காலியாத்தான் இருக்கும் ஐயா" என்று ஒருமுறை சொன்னேன்.

"இருக்கும்னா தெரியலன்னு அர்த்தம். இருக்கா, இல்லையா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. அதன்பிறகு இருபது வருடத்தில் அந்தச் சொல்லை நான் வேலையில் பயன்படுத்தியதில்லை.

குண்டு எப்படி நின்றுபோகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தோட்டாவில் பின்னால் மருந்து, முன்னால் ஈயக் குண்டு. தோட்டா பழையதாகி, மருந்தில் ஈரம் ஏறியிருந்தால் அது முழுதாக எரியாது. குண்டைப் பேரலுக்குள் தள்ளிவிடும், ஆனால் வெளியே அனுப்பும் அளவுக்குச் சக்தி இருக்காது. சுடுகிறவருக்கு ஒரு அடையாளம்தான் உண்டு. சத்தம் குறைவாக இருக்கும். 'டமார்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'பொத்' என்று கேட்கும். அதோடு நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டு, அது நல்ல தோட்டாவாக இருந்துவிட்டால் பேரல் வெடிக்கும்.

நான் முதலில் பார்த்தது எண்பதுகளின் நடுவில், வருடாந்திரச் சுடு பயிற்சியில். சீமைக் கருவேலம் மண்டிய கரட்டு அடிவாரத்தில் எங்கள் மைதானம். ஒரு சப்-இன்ஸ்பெக்டர் சுட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது தோட்டா 'பொத்' என்றது. கேலியாகப் பேசிக்கொண்டே அவர் மறுபடி விசையை இழுக்கப் போனார். ஞானமுத்து ஐயா ஓடவில்லை. நடந்து போய் அவருடைய மணிக்கட்டைக் கீழிருந்து பிடித்துக்கொண்டார். துப்பாக்கி இலக்கைப் பார்த்தபடியே இருக்கட்டும் என்று அரை நிமிடம் அப்படியே நிறுத்தினார். தாமதமாக வெடிக்கிற தோட்டாவும் உண்டு. அப்புறம் உருளையைத் திறந்து, காலி செய்து, எல்லோரையும் கருவேல நிழலில் உட்கார வைத்தார். "சத்தம் கொறஞ்சா கை நிக்கணும்" என்பது மட்டும்தான் அன்றைக்கு அவர் பேசிய பேச்சு.

அந்தக் குண்டை எடுக்கிற வேலையை என்னிடம் கொடுத்தார். பித்தளைக் கம்பி எடுத்துவர அலமாரி வரை போகச் சோம்பல்பட்டு, கைக்குக் கிடைத்த இரும்புக் கம்பியால் தட்டினேன். குண்டு வந்துவிட்டது. பேரலின் உள்ளே குண்டைச் சுழற்றிவிடும் வரிகளில் கீறலும் விழுந்துவிட்டது. எழுத்து மூலமாக விளக்கம் கொடுத்தேன். ஐயா அதைப் படித்துவிட்டு, "பித்தளைக் கம்பி எங்க இருக்குன்னு தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். "அதையும் எழுது" என்றார்.

இப்போது நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு தேர்தல் சமயம். தேர்தல் வந்தால், உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதை நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். திருச்சுழியைத் தாண்டி ஒரு நிலையம், பெயர் வேண்டாம். அங்கிருந்து தகவல் வந்தது. ஒருவர் ஒப்படைத்த ரிவால்வரில் குண்டு சிக்கியிருக்கிறது, உருளை திறக்கவில்லை, உள்ளே நல்ல தோட்டாக்கள் இருக்கின்றன. அந்த நிலையில் துப்பாக்கியை பஸ்ஸிலோ ஜீப்பிலோ ஏற்றிக்கொண்டுவர முடியாது. நாங்கள்தான் போக வேண்டும். ஐயாவும் நானும் பெட்டியோடு காலையிலேயே கிளம்பினோம்.

நிலையத்து ரைட்டர் விவரம் தெரிந்தவர். ஒரு வாளி மணலில் துப்பாக்கியின் வாயைப் புதைத்து, பின்கட்டில் யாரும் போகாத மூலையில் வைத்திருந்தார். "அண்ணாச்சியே கொண்டாந்து குடுத்தாரு. தொடைக்கும்போது கை பட்டு வெடிச்சிருச்சாம். குண்டு வெளிய வரலையாம். பத்துப் பன்னண்டு நாளு ஆச்சுன்னு சொல்றாரு" என்றார்.

அண்ணாச்சியின் பெயரைச் சங்கரலிங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அருப்புக்கோட்டையில் பருத்தி வியாபாரம், திருச்சுழிப் பக்கம் வீடும் நிலமும். ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். முன்பக்க பெஞ்சில் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். வெயில் இன்னும் ஏறவில்லை, ஆனாலும் துண்டைத் தலையோடு சேர்த்து வலது கன்னம் மறையப் போர்த்தியிருந்தார்.

துப்பாக்கி அவருடைய அப்பா காலத்து வெளிநாட்டுச் சாமான். ஆறு அறை உருளை, பக்கவாட்டில் திறக்கிற வகை. பேரலுக்கும் உருளைக்கும் நடுவே தாள் நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி. ஒரு குண்டு பாதி அங்கேயும் பாதி இங்கேயுமாக நின்றுவிட்டால், கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டது மாதிரி உருளை பூட்டிக்கொள்ளும். திறக்காது, சுற்றாது. இதில் அதுதான் நடந்திருந்தது.

ஐயா உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். துப்பாக்கியின் பின்னால் தோட்டாவை அடிக்கிற சுத்தியலுக்கும் உடல்சட்டத்துக்கும் இடையில் ஒரு தோல் துண்டைச் செருகினேன், தவறிக்கூட அது முன்னால் விழக் கூடாது. பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்து, சின்னக் கண்ணாடியைப் பிடித்து, உருளையின் முன்பக்கத்தைப் பார்த்தேன். நான்கு அறைகளில் ஈயத்தின் மூக்கு தெரிந்தது. ஓர் அறை வெறும் இருட்டு. ஆறாவது அறை பேரலுக்கு நேர் பின்னால், அதைப் பார்க்க முடியாது.

"நாலு தோட்டா. ஒண்ணு காலி. ஒண்ணு தெரியல" என்றேன்.

ஐயா சங்கரலிங்கத்தைக் கூப்பிடச் சொன்னார். மனைவி பெஞ்சிலேயே இருந்தார்.

"எத்தனை தடவ விசைய இழுத்தீக அண்ணாச்சி?"

"ஒரு தடவதான். தொடைக்கும்போது தெரியாமப் பட்டுருச்சு."

"ஒரு அறை காலியா இருக்கே?"

"ஒண்ண எப்பவும் காலியாத்தான் வச்சிருப்போம். அப்பா காலத்துப் பழக்கம்."

அப்படி வைப்பவர்கள் உண்டு. நம்பும்படியான பதில்தான். அவர் பெஞ்சுக்குப் போனதும் ஐயா என்னிடம், "அளந்து பாரு" என்றார்.

துப்பாக்கியை மரக்கட்டை வைத்த பிடியில் இறுக்கி, பித்தளைக் கம்பியை வாய்வழியாக மெதுவாக விட்டேன். குண்டில் தட்டி நின்றது. பேரலின் விளிம்பில் கம்பியின்மேல் பென்சிலால் கோடு போட்டு, வெளியே எடுத்து அளந்தேன். பேரலின் நீளம் நாலு அங்குலம். அந்த வகைக் குண்டின் நீளம் அரை அங்குலம். ஒரே குண்டு பாதி வெளியே நின்று உருளையைப் பூட்டியிருந்தால், கம்பி மூன்றே முக்கால் அங்குலம் உள்ளே போயிருக்க வேண்டும். மூன்றே கால்தான் போனது. அரை அங்குலம் குறைவு. அதாவது ஒரு குண்டின் நீளம்.

மறுபடி அளந்தேன். மூன்றே கால்.

"உள்ள ரெண்டு குண்டு இருக்கு ஐயா."

"இருக்குமா, இருக்கா?"

"இருக்கு."

துடைக்கும்போது ஒரு தடவை கை படலாம். இரண்டு தடவை படாது. பேரலில் மெல்லிய எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஊறட்டும் என்று மூன்று மணி நேரம் விட்டோம். ஐயா பொட்டலத்திலிருந்து காரச்சேவு எடுத்து எனக்கும் கொடுத்தார். நான் வேலையைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

காரணம் இருந்தது. பின்னால் நிற்கிற குண்டு இரண்டு விதமாக அங்கே வந்திருக்கலாம். இரண்டாவது தோட்டாவும் அரைகுறையாக வெடித்து, முன்னால் நின்ற குண்டில் முட்டி நின்றிருக்கலாம். அப்படியானால் அதன் பின்னால் இருப்பது மருந்து எரிந்துபோன வெற்றுக்கூடு, பயமில்லை. அல்லது அந்தத் தோட்டா வெடிக்காமலேயே, கூடு குண்டைப் பிடித்திருக்கும் பழைய பிடி தளர்ந்து, குண்டு மட்டும் முன்னால் நழுவி வந்து மாட்டியிருக்கலாம். அப்படியானால் அதன் பின்னால் மருந்து இருக்கிறது. நான் முன்னாலிருந்து தட்டுகிற ஒவ்வொரு தட்டும் அந்த மருந்தின்மேல் விழும். கம்பி என் கையில் இருக்கும்.

இதைச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான். அவர் ஒரு தடவை என்று சொல்லிவிட்டார்.

பிற்பகலில் மறுபடி அவரைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டோம். கண்ணுக்குப் பாதுகாப்பாக எங்களிடம் அப்போது ஒன்றும் கிடையாது. நிலைய அதிகாரியின் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டேன். முன்பக்கக் கண்ணாடியை இறக்கினேன். சங்கரலிங்கம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது எதுக்கு?" என்றார்.

"வெடிச்சா கண்ணு போயிரக் கூடாதுல்ல, அதுக்குத்தான்."

"வெடிக்குமா?"

ஐயா பதில் சொன்னார். "அது நீங்க சொல்றதப் பொறுத்து அண்ணாச்சி. ஒரு தடவதான் இழுத்தீகன்னா, இப்ப பேரலுக்குப் பின்னால நிக்கிற தோட்டா வெடிக்காத தோட்டாவா இருக்கலாம். இவரு தட்டும்போது வெடிக்கலாம். ரெண்டு தடவ இழுத்து, ரெண்டு தடவையும் சத்தம் வந்திருந்தா, அது வெறுங்கூடு. இவரு கை தப்பிக்கும். நாங்க கேக்கிறது அதுக்குத்தான். வேற எதுக்கும் இல்ல."

ஐயா தலையசைத்தார். நான் மரச்சுத்தியலை எடுத்துக் கம்பியின் தலையில் வைத்தேன்.

"இருங்க ஏட்டையா" என்றார் சங்கரலிங்கம். "ரெண்டு தடவ."

"சத்தம் வந்துச்சா?"

"ரெண்டு தடவையும். பொத்து பொத்துன்னு."

துண்டைக் கன்னத்திலிருந்து எடுத்தார். காதுக்கு முன்னால் முடி கருகி, தோலில் கருப்புப் புள்ளிகள் இருந்தன. குண்டு போக வழியில்லாமல் உருளையின் இடைவெளியில் பீறிட்ட புகை. நாங்கள் அதைப் பார்த்தோம். அவர் துண்டைத் திரும்பப் போர்த்திக்கொண்டார்.

"அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க அண்ணாச்சி" என்றார் ஐயா.

இரண்டு குண்டு என்றால் தட்டுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒன்றாக இருந்தால் தட்டிக்கொண்டே போகலாம். இரண்டு என்றால் சரியாகக் கால் அங்குலத்தில் நிறுத்த வேண்டும். அப்போதுதான் பின்குண்டு முழுதாக உருளைக்குள் போயிருக்கும், முன்குண்டு பேரலின் விளிம்பில் நிற்கும். ஒரு நூல் கூடினாலும் முன்குண்டு இடைவெளிக்கு வந்து மறுபடி பூட்டிக்கொள்ளும். கம்பியில் இரண்டாவது பென்சில் கோடு போட்டேன். முகத்தை ஒதுக்கி, பக்கவாட்டில் உட்கார்ந்து, பலமாக அல்ல, ஆணிக்குத் தட்டுவதில் பாதி பலத்தில் தட்டினேன். பத்துத் தட்டுக்கு அசைவில்லை. எண்ணெய் விட்டு மறுபடி தட்டினேன். கோடு விளிம்பை நோக்கி மெல்ல இறங்கியது. விளிம்பைத் தொட்டதும் நிறுத்திவிட்டு உருளையைத் தள்ளினேன். நகரவில்லை. இன்னும் ஒரே ஒரு தட்டு. திறந்துகொண்டது.

"ஒண்ணு, எடுத்தாச்சு. ரெண்டு, எடுத்தாச்சு." நான்கு நல்ல தோட்டாக்களையும் இரண்டு கூடுகளையும், அறைக்குள் போயிருந்த பின்குண்டையும் எடுத்து வைத்தேன். இரண்டு கூடுகளின் அடியிலும் சுத்தியல் விழுந்த குழி இருந்தது. பிறகு பேரலில் மிச்சமிருந்த குண்டைப் பின்பக்கமாகத் தள்ளி எடுத்தோம். அதன் முதுகில் மற்றக் குண்டின் மூக்கு பதிந்திருந்தது. பேரலுக்கு ஒரு சேதமும் இல்லை. இரண்டாவது தோட்டா மட்டும் நல்ல தோட்டாவாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அங்கே யோசிக்கவில்லை. வீட்டுக்குப் போய்த்தான் யோசித்தேன்.

கை கழுவப் போனபோது ரைட்டர் சொன்னார். அண்ணாச்சியின் மூத்த மகன் போன வருடம் விருதுநகர் ரோட்டில் மோட்டார் சைக்கிளில் அடிபட்டு இறந்துவிட்டானாம். வண்டி அவர் வாங்கிக் கொடுத்ததாம். நான் ஹெல்மெட்டைத் துடைத்து, அவர் கண்ணில் படாத இடமாகப் பார்த்து வைத்தேன்.

ஐயா அறிக்கை எழுதினார். இரண்டு குண்டுகள், இரண்டு கூடுகள், நான்கு தோட்டாக்கள் பழையவை, அழிக்கப்பட வேண்டியவை. நிலைய அதிகாரி படித்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றாலும் வழக்குப் போட வேண்டும் என்று அப்போது சட்டம் இருந்தது.

"ரெண்டுன்னு எழுதியிருக்கீகளே? அப்ப நான் கேஸு போடணும்ல?"

"துப்பாக்கியப் பத்தி எழுதச் சொன்னீக, எழுதிட்டேன்" என்றார் ஐயா. "ரெண்டு குண்டு இருந்துச்சு. ஏன் இழுத்தாருன்னு துப்பாக்கிக்குத் தெரியாது. கோர்ட்டுக்கு இழுத்தா அந்த மனுசன் மறுபடி வேற ஒண்ணத் தேடுவாரு. டாக்டருக்கிட்ட அனுப்புங்க."

நிலைய அதிகாரி கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் அறிக்கையைக் கோப்பில் வைத்துக் கட்டினார். அது சரியா என்று இன்றைக்கு யாராவது என்னைக் கேட்டால், சட்டப்படி சரியில்லை என்றுதான் சொல்வேன்.

ஐயாவுக்கு இன்னொரு வேலை பாக்கியிருந்தது. பெஞ்சில் போய் சங்கரலிங்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருடைய மனைவி எழுந்து ஐயாவுக்கு இடது பக்கம் வந்து நின்றார்.

"எலெக்‌ஷன் முடிஞ்சதும் வந்து வாங்கிக்கிடுறேன்" என்றார் சங்கரலிங்கம்.

"வேணாம் அண்ணாச்சி. லைசென்ஸ ஒப்படைச்சிருங்க. நான் சொல்லச் சொல்ல ஒரு லெட்டரு எழுதுங்க."

"எங்க அப்பா வாங்குன துப்பாக்கிங்க. ஊருக்குள்ள எங்க வீட்டுலதான் இருக்கு. அத எப்படி விட்டுட்டுப் போறது? தெரியாம ஒரு தப்பு நடந்துபோச்சு. இனிமே நடக்காது."

அப்போது அந்த அம்மா ஏதோ சொன்னார். தலையைக் குனிந்தபடி, மெதுவாக. எனக்குக் கேட்டது. ஐயாவுக்குக் கேட்கவில்லை, அது கேட்காத காது. உதடு அசைந்ததை மட்டும் பார்த்துவிட்டு, "என்ன சொன்னீக தாயி? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்றார்.

அவர் கணவனைப் பார்த்தார். பிறகு நிலையத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார். "நான் அடுப்படியில இருந்தேன். ரெண்டு சத்தமும் எனக்குக் கேட்டுச்சு. அதத் திருப்பிக் குடுக்காதீக."

சங்கரலிங்கம் மனைவி பக்கம் திரும்பினார். மனைவிக்குப் பன்னிரண்டு நாளாகத் தெரியும் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. "எங்கிட்ட ஒண்ணும் கேக்கலையே நீ" என்றார்.

"கேட்டா என்ன சொல்லுவீக?"

ரைட்டர் தாளையும் பேனாவையும் கொண்டுவந்து வைத்தார். சங்கரலிங்கம் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த அம்மா அதை எடுத்து ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு ஐயாவிடம் கொடுத்தார்.

ஞானமுத்து ஐயா அதற்கப்புறம் மூன்று வருடத்தில் ஓய்வு பெற்றார். திரும்பி வரும்போதும் சரி, பின்னாளிலும் சரி, அன்று நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தப் பித்தளைக் கம்பியில் நான் போட்ட இரண்டு கோடுகளையும் சுத்தமாக அழித்து, எண்ணெய் தடவி அலமாரியில் வைக்கச் சொன்னார், அவ்வளவுதான். சங்கரலிங்கத்தை அவ்வப்போது அருப்புக்கோட்டைக் கடைவீதியில் பார்ப்பேன். வியாபாரத்தை இளைய மகன் பார்த்துக்கொண்டான். "வாங்க ஏட்டையா" என்பார், டீ வாங்கித் தருவார், மழை உண்டா இல்லையா என்று பேசுவார். பழையதை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து ஒருநாள் காலையில் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தார். துக்கம் கேட்கப் போனேன். அந்த அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டு, உறவுக்காரர்களை ஒதுக்கிவிட்டு எனக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். கடைசிவரை நன்றாக இருந்தாரா என்று கேட்டேன்.

"இருந்தாக" என்றார். "ஸ்டேஷனுக்குப் போயிட்டு வந்தோம்ல, அன்னையில இருந்து அவுக படுக்கிற ரூம் கதவச் சாத்துனதே இல்ல ஏட்டையா. மழைச் சாரல் அடிச்சாலும் தெறந்தேதான் கெடக்கும். நான் அடுப்படியில இருந்து பாத்துக்கிடுவேன்."